பத்து எம்எம் பிஸ்டலில் .40 தோட்டா போடலாமா?

மொன்டானாவில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “கிரீன் கார்டு வந்த பிறகு பழைய கிளாக் 20 பிஸ்டல் ஒன்று வாங்கினேன். 10 எம்எம் ஆட்டோ. கோடையில் கிரிஸ்லி கரடி நடமாடும் மலைப் பக்கம் நடக்கப் போவோம், அதற்காகத்தான். தோட்டா விலையைப் பார்த்தால் கண்ணைக் கட்டுகிறது. கன் ஷோவில் ஒருவர், .40 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவும் இதில் போகும், இரண்டிலும் குண்டு ஒரே அளவுதான், விலையும் குறைவு என்று சொல்லி நான்கு பெட்டி தலையில் கட்டிவிட்டார். போடலாமா? யாரும் சீண்டாத ரகத்தை வாங்கி ஏமாந்துவிட்டேனா?”

போடாதீர்கள். துப்பாக்கி விஷயத்தில் நீங்கள் ஏமாறவில்லை, அந்த நான்கு பெட்டி விஷயத்தில்தான் ஏமாந்திருக்கிறீர்கள்.

இரண்டு தோட்டாவையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அடிவட்டம் ஒரே அகலம், குண்டும் ஒரே குறுக்களவு, ஏறக்குறைய 10.2 மில்லிமீட்டர். உயரத்தில் மட்டும்தான் வித்தியாசம். 10 எம்எம் உறை (வெடிமருந்து அடைத்த பித்தளைக் குழாய்) 25.2 மில்லிமீட்டர், .40 உறை 21.6. அந்த மூன்றரை மில்லிமீட்டர் சொச்சத்தில்தான் வில்லங்கமே இருக்கிறது. இந்த மாதிரி பிஸ்டலில் தோட்டா சேம்பருக்குள், அதாவது குழலின் பின்பக்க அறைக்குள், போனதும் உறையின் வாய் விளிம்பு முன்னால் இருக்கும் படியில் முட்டி நிற்க வேண்டும், அப்படி நின்றால்தான் பின்பக்கம் சரியான இடத்தில் இருக்கும். குட்டை உறை அந்தப் படியைத் தொடவே தொடாது. அடிவட்டம் ஒரே அகலம் என்பதால் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி அதைப் பின்னாலிருந்து கவ்விப் பிடித்துக்கொள்ளும், பல நேரம் வெடிக்கவும் செய்யும், அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த மனிதர் “போகுது சார்” என்கிறார். சுடும்போது ஊசி வந்து குத்தும் அடியைத் தாங்கித் தோட்டாவை இடத்தில் நிறுத்துவது, காலி உறையை இழுத்துப் போடுவதற்காக மட்டும் வைத்த ஒரு சின்னக் கொக்கி. அது இன்றைக்கு உடையாது, கரடி எதிரில் நிற்கும் நாளில் உடையும். பிரைமர் (அடியில் இருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) பின்னால் பிதுங்குவது, உறை வீங்குவது, சேம்பரில் கரி வளையம் படிந்து அப்புறம் சரியான தோட்டாவே உள்ளே போக மறுப்பது எல்லாம் கூடவே வரும்.

சரி, “என் மச்சான் போடுறானே, ஒன்றும் ஆகவில்லையே” என்று யாராவது வருவார்கள், அதனால் இந்த ஒரு விதிவிலக்கை விலாவாரியாகச் சொல்லிவிடுகிறேன். ரிவால்வர். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 610, ரூகர் சூப்பர் ரெட்ஹாக்கின் 10 எம்எம் வடிவம், இவற்றில் மூன் கிளிப் என்று ஒரு மெல்லிய எஃகுத் தகடு வரும். ஆறு தோட்டாவின் அடியையும் அந்தத் தகட்டில் மாட்டி அப்படியே சிலிண்டருக்குள் இறக்குவார்கள். தோட்டாவை இடத்தில் நிறுத்துவது இங்கே உறையின் வாய் இல்லை, பின்னால் இருக்கும் தகடு. அதனால் உறை குட்டையாக இருந்தாலும் பின்பக்கம் சரியான இடத்தில் நிற்கும், .40 தோட்டா தாராளமாகப் போடலாம், கம்பெனியே அதைச் சொல்லித்தான் விற்கிறது. தகட்டைக் கழற்றிவிட்டால் அதே ரிவால்வரில் .40 முன்னால் நழுவிவிடும், பிரைமரில் அடி சரியாக விழாது. உங்கள் மச்சான் வைத்திருப்பது ரிவால்வரா, மூன் கிளிப் போட்டாரா என்று கேளுங்கள். உங்களுடையது கிளாக், அதில் மூன் கிளிப்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ரிவால்வர்காரருக்குப் பொருந்துகிற உண்மையை எல்லோரிடமும் சொல்லிப் பெட்டி தள்ளுகிற வியாபாரிகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போது இரண்டாவது கேள்வி. யாரும் சீண்டாத ரகம் என்பது பாதி சரி. 1983-ல் ஜெஃப் கூப்பர் என்ற துப்பாக்கிப் பயிற்சியாளரின் யோசனையில் பிரென் டென் என்ற பிஸ்டலோடு இது வந்தது. ஸ்வீடனின் நார்மா தயாரித்த முதல் தோட்டா, 200 கிரெய்ன் (ஏறக்குறைய 13 கிராம்) குண்டை நொடிக்கு 1,200 அடி வேகத்தில் தள்ளியது. பிஸ்டல் கம்பெனியோ வாங்கியவர்களுக்கு மேகசினையே (தோட்டா அடுக்கிச் செருகும் பெட்டி) ஒழுங்காக அனுப்ப முடியாமல் 1986-ல் மூடிவிட்டது. 1987-ல் கோல்ட் கம்பெனி டெல்டா எலைட் என்று ஒன்றைக் கொண்டுவராமல் இருந்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

அப்புறம் எஃப்பிஐ. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த சண்டையில் இரண்டு ஏஜென்ட்டுகள் இறந்தார்கள். கொள்ளையன் ஒருவன் உடம்பில் பாய்ந்த 9 எம்எம் குண்டு இதயத்தைத் தொடும் முன்பே நின்றுபோனது தெரிந்ததும், ஆழமாகப் பாயும் தோட்டா வேண்டும் என்று தேடி 10 எம்எம்மைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள், உதைப்பு அதிகம் என்று வெடிமருந்தைக் குறைத்து 180 கிரெய்ன் குண்டை 950 அடி வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இவ்வளவு குறைந்த மருந்துக்கு இவ்வளவு நீள உறை எதற்கு என்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் உறையை வெட்டி 1990-ல் விற்க ஆரம்பித்ததுதான் உங்கள் கன் ஷோக்காரர் கட்டிக்கொடுத்த .40. போலீஸ்காரர்கள் எல்லாம் அந்தப் பக்கம் போனார்கள். பின்னாளில் எஃப்பிஐ அதையும் விட்டுவிட்டு 9 எம்எம்முக்கே திரும்பிவிட்டது. அரசாங்கக் காசில் நடந்த இந்தச் சுற்றுப்பயணத்துக்கு இன்னும் நாம்தான் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

பெரிய துறைகள் கைவிட்ட பிறகும் இது சாகாததற்குக் காரணம் ஒன்றுதான். முழு மருந்து போட்டால் .357 மேக்னம் ரிவால்வருக்கு ஏறக்குறைய ஈடான வலு, அதுவும் ஆறு தோட்டாவோடு நிற்காமல் மேகசினில் பதினைந்து. ரிவால்வரை விடத் தட்டை, மேகசினை மாற்றுவதும் சுலபம். .44 மேக்னம் என்ற பெரிய ரிவால்வர் தோட்டாவின் அடி இதில் இல்லைதான், ஆனால் பதற்றத்தில் இரண்டாவது குண்டும் மூன்றாவது குண்டும் இலக்கின் பக்கமாவது போவது இதில்தான். கிரீன்லாந்தில் நாய்ச்சறுக்கு வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படை பனிக்கரடிக்காக இடுப்பில் வைத்திருப்பதும் இதே கிளாக் 20 தான். கரடிக் காட்டுக்கு நீங்கள் தேர்ந்தெடுத்தது சரி. என்றாலும் கையில் முதலில் கரடி ஸ்பிரே இருக்கட்டும், பிஸ்டல் அதற்கு அப்புறம்.

ஆனால் கடையில் “10 எம்எம் ஆட்டோ” என்று போட்டு விற்கும் பெட்டிகளில் நிறைய, பெயரில்தான் 10 எம்எம். எஃப்பிஐ குறைத்த மருந்துதான் இன்றைக்கும் பாதிக் கடையின் வழக்கமாக நிற்கிறது. குண்டின் வலுவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், கஷ்டமில்லை: நொடிக்கு எத்தனை அடி என்பதை அதே எண்ணால் பெருக்குங்கள், குண்டின் கிரெய்ன் எடையால் பெருக்குங்கள், 4,50,240-ஆல் வகுங்கள். 180 கிரெய்ன் குண்டு 1,030 அடி வேகத்தில் போனால் 424 அடி-பவுண்டு (வலுவை அளக்கும் அலகு). அதே குண்டு 1,250 அடியில் போனால் ஏறக்குறைய 625. சாதாரண .40 தோட்டா 1,000 அடியில் 400. அதாவது முதல் பெட்டியை வாங்கினால் .40-இன் வலுவுக்கு 10 எம்எம் விலை கொடுக்கிறீர்கள், 9 எம்எம் விலையோடு பார்த்தால் அந்த விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைத்தான் ஏமாற்று என்கிறேன், துப்பாக்கியை இல்லை.

பெட்டியில் போட்டிருக்கும் வேகம் எவ்வளவு நீள பேரலில் (குழலில்) அளந்தது என்பதையும் பாருங்கள். உங்கள் பேரல் 4.6 அங்குலம். அதைவிட நீளமான சோதனை பேரலில் அளந்த எண்ணைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுவார்கள், பேரல் நீளத்தைப் பல பெட்டிகளில் போட மாட்டார்கள். கேட்பார் யார்? குழந்தையின் கிலுகிலுப்பையைக் கூடத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் கொண்ட நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தோட்டாவில் கை வைக்கச் சட்டத்திலேயே இடமில்லை. இருக்கும் தர அளவுகள் உற்பத்தியாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட சங்கத்தினுடையவை, விரும்பினால் பின்பற்றலாம் என்ற ரகம். அரசாங்கப் படிவத்தில் நம் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் துருவித் துருவிக் கேட்கும் அமைப்பு, பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காது.

ஜிப் பையில் உதிரியாகப் போட்டு “ஃபுல் பவர்” என்று விற்கும் தோட்டாவைத் தொடாதீர்கள். யாரோ வீட்டில் பழைய உறையில் மருந்து அடைத்தது, எவ்வளவு அடைத்தார் என்பது அவருக்கும் தெய்வத்துக்கும்தான் தெரியும். 10 எம்எம் ஏற்கெனவே அழுத்தத்தின் உச்சத்தில் ஓடுகிற தோட்டா, உச்ச வரம்பு 37,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). அதற்கு மேல் வாரி அடைத்தால் பிஸ்டல் கையிலேயே பிளக்கும். மறுசுழற்சித் தோட்டாவைப் போட்டால் உத்தரவாதமும் போய்விடும், அதை விற்பவர் சொல்ல மாட்டார்.

கரடிக்கு ஹாலோ பாயிண்ட் (மூக்கில் குழி உள்ள குண்டு) வேண்டாம். அது விரிந்து சீக்கிரம் நின்றுவிடும். தட்டை மூக்குள்ள, விரியாத கெட்டிக் குண்டு, 200 கிரெய்னோ அதற்கு மேலோ, தொழிற்சாலைப் பெட்டியில் பாருங்கள். அதிலும் மேலுறை இல்லாத ஈயக் குண்டை எடுக்காதீர்கள், கிளாக் கையேடே வேண்டாம் என்கிறது. எதை எடுத்தாலும் ஒரு பெட்டி முழுக்க உங்கள் பிஸ்டலில் சுட்டுப் பாருங்கள், சிக்காமல் ஓடினால் மட்டும் காட்டுக்கு எடுத்துப் போங்கள். எல்லோஸ்டோன், கிளேசியர் போன்ற தேசியப் பூங்காக்களில் 2010 முதல் அந்தந்த மாநிலச் சட்டப்படி பிஸ்டல் வைத்திருக்கலாம், ஆனால் விசிட்டர் சென்டர் போன்ற அரசுக் கட்டடத்துக்குள் கொண்டுபோகாதீர்கள்.

அந்த நான்கு பெட்டியைக் கன் ஷோக்காரர் திரும்ப எடுக்கப் போவதில்லை. .40 பிஸ்டல் வைத்திருக்கும் உள்ளூர் நண்பர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அந்த நண்பர் எச்-1பி விசாவில் இருந்தால் கொடுக்காதீர்கள். அந்த விசாவில் இருப்பவர் தோட்டா வைத்திருப்பதே பொதுவாகக் கூட்டரசுக் குற்றம். வேட்டை உரிமம் எடுத்தால் சரியாகிவிடும் என்று ஆன்லைனில் காசு வாங்கிக்கொண்டு வழி சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு விலக்கு சட்டத்தில் இருப்பது உண்மைதான், ஆனால் அதை நண்பர் தன் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளட்டும், அந்த ஆசாமியிடம் வேண்டாம்.