கேள்வி – பதில்: அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்துக் கோப்பைக்கு வயது என்ன?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கான தேசியக் கூடைப்பந்துப் போட்டி 1972-இல் தொடங்கியது என்று ஓரிடத்திலும் 1982-இல் தொடங்கியது என்று வேறோர் இடத்திலும் படித்தேன். எது சரி? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: ஏடுகளில் இரண்டு ஆண்டுகளுக்குமே இடம் உண்டு, என்னைக் கேட்டால் அவ்விரண்டுக்கும் முந்திய 1969-ஐத்தான் சொல்வேன். அந்த ஆண்டில், பென்சில்வேனியா மாநிலத்தின் வெஸ்ட் செஸ்டர் கல்லூரியில் பயிற்சியாளராக இருந்த கேரல் எக்மன், பதினாறு அணிகளை அழைத்துப் பெண்களுக்கான முதல் தேசியக் கல்லூரிப் போட்டியைத் தம் கல்லூரியிலேயே நடத்தினார். இறுதியாட்டத்தில் அவருடைய அணி வெஸ்டர்ன் கரோலினாவை 65-39 என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. அழைப்பின்பேரில் நடந்த அப்போட்டி, 1971-இல் உருவான மகளிர் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் பொறுப்புக்கு வந்து, 1972 முதல் மண்டலச் சுற்றுகளில் தேறிய அணிகள் மோதும் முறையான சாம்பியன்ஷிப்பாக வளர்ந்தது. ஆண்களின் கல்லூரி விளையாட்டை நிர்வகித்துவந்த என்.சி.ஏ.ஏ. என்னும் பெரிய சங்கம் 1982-இல்தான் பெண்களுக்கெனத் தன் போட்டியைத் தொடங்கியது. அச்சங்கத்தின் சாதனைப் பட்டியல் அந்த ஆண்டிலிருந்தே எண்ணப்படுவதால், அதற்கு முன் கோப்பை வென்ற பெண்கள் பலருடைய பெயர் இன்றைய ரசிகர்களுக்குத் தெரியாமலே போகிறது. எனக்கு இது நெடுநாளைய மனக்குறை.

கேள்வி: கூடைப்பந்து 1891-இலேயே தோன்றிவிட்டதே, பெண்களின் தேசியப் போட்டிக்கு ஏன் எழுபத்தெட்டு ஆண்டுகள் ஆயின? (வாசகர், மதுரை)

பதில்: பெண்கள் ஆடத் தயங்கியதால் அன்று. ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தை உருவாக்கிய மறு ஆண்டே, அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்கல்வி கற்பித்த செண்டா பெரன்சன் அதைத் தம் மாணவியருக்குச் சொல்லிக்கொடுத்தார். 1896-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவியரும் பெர்க்லி மாணவியரும் மோதினார்கள். ஆண்கள் பார்க்க அனுமதிக்கப்படாத அந்த ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டு 2-1 என வென்றது. ஆனால் மிகையான ஓட்டம் பெண்ணின் உடலுக்கு ஆகாது, வெற்றிக்காக முட்டிமோதுவது அவளுக்கு அழகன்று என்ற எண்ணம் கல்லூரிகளில் வேரூன்றியிருந்தது. ஆகவே பெண்களுக்கென்று தனி விதிகள் எழுதப்பட்டன: ஆடுகளம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது, ஒரு பகுதியில் நிற்பவர் அடுத்த பகுதிக்குள் கால்வைக்கக் கூடாது, எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. ஐவர் அணி முழுக்களத்திலும் ஓடியாடும் முறை கல்லூரிப் பெண்களுக்கு நிலைபெற்றது 1971-இல்தான்.

மிசிசிப்பியின் டெல்டா ஸ்டேட் கல்லூரி, இந்த ஆட்டம் இளம்பெண்களுக்கு மிகக் கடினமானது என்று சொல்லி, 1930களின் தொடக்கத்தில் தன் மகளிர் அணியையே கலைத்துவிட்டது. அப்போது அந்த அணியில் ஆடிக்கொண்டிருந்த மார்கரெட் வேட், நாற்பது ஆண்டுகள் கழித்து, 1973-இல் அதே கல்லூரி அணியை மீண்டும் அமைத்தபோது பயிற்சியாளராக வந்தார். 1975, 1976, 1977 என்று தொடர்ந்து மூன்று முறை தேசியக் கோப்பையை வென்று கொடுத்தார். அந்த அணியின் தூண் லூசியா ஹாரிஸ். 1976-இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் மகளிர் கூடைப்பந்து முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, முதல் புள்ளிகளை எடுத்தவரும் அவரே.

கேள்வி: கன்னியர் மடத்துக் கல்லூரி ஒன்று இந்தக் கோப்பையை வென்றதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: உண்மை, அதுவும் ஒருமுறை அன்று, 1972, 1973, 1974 என மும்முறை. பிலடெல்பியாவுக்கு அருகிலுள்ள அந்தச் சிறிய கத்தோலிக்க மகளிர் கல்லூரியின் பெயர் இம்மாக்குலேட்டா. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் ‘அமலோற்பவ அன்னை’ என்று வணங்கும் மாதாவின் பெயரே அது. கல்லூரியின் விளையாட்டுக்கூடம் 1967-இல் தீக்கிரையாகியிருந்தது. பயிற்சியாளர் கேத்தி ரஷ் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளம்பெண். மாணவியர் கம்பளித் துணியில் தைத்த பாவாடைச் சீருடையோடு ஆடினார்கள்.

1972-இல் மண்டல இறுதியாட்டத்தில் வெஸ்ட் செஸ்டரிடம் 32 புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்ற பிறகும், இல்லினாய் மாநிலத்தில் நடந்த தேசியச் சுற்றுக்கு அவர்களுக்கு இடம் கிடைத்தது. பதினாறு அணிகளில் பதினைந்தாவது தரவரிசை. பயணச் செலவுக்குப் பல்துலக்கி விற்றுப் பணம் சேர்த்தார்கள். அப்படியும் எட்டு வீராங்கனைகளை மட்டுமே அழைத்துச்செல்ல முடிந்தது. அவர்களும் கடைசி நேரத்தில் காலியாகும் இருக்கைகளுக்காக விமான நிலையத்தில் காத்திருந்து சென்றவர்கள். சுற்றுச் சுற்றாக முன்னேறி, இறுதியாட்டத்தில் அதே வெஸ்ட் செஸ்டரை 52-48 என்று வென்றார்கள். அதன்பின் அவர்கள் ஆடிய அரங்குகளில் அருட்சகோதரிகள் அங்கியோடு அமர்ந்து தகர வாளிகளைத் தட்டி உற்சாகமூட்டுவது வழக்கமாயிற்று. 1975-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் குவீன்ஸ் கல்லூரியோடு அவர்கள் ஆடியதைக் காண ஏறத்தாழ 12,000 பேர் வந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் பெண்களின் ஆட்டத்தைப் பார்க்க ஆள் வராது என்று பல்லாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: பெண்களே நடத்திய அந்தச் சங்கம் என்ன ஆயிற்று? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கல்வி நிலையங்களில் பால் பாகுபாட்டைத் தடைசெய்யும் கூட்டரசுச் சட்டம் 1972-இல் வந்தது. தொடக்கத்தில் அச்சட்டம் விளையாட்டுக்குப் பொருந்துவதை எதிர்த்த என்.சி.ஏ.ஏ., பெண்கள் விளையாட்டுக்குப் பணமும் கவனமும் பெருகியதைக் கண்டு, அதைத் தானே நடத்த 1981-இல் முடிவெடுத்தது. தன் போட்டிக்கு வரும் அணிகளின் பயணச் செலவை ஏற்றுக்கொள்ளவும் தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பெற்றுத்தரவும் அதற்கு வசதி இருந்தது. உறுப்பினர் கட்டணத்தை நம்பியிருந்த மகளிர் சங்கத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை.

ஆகவே 1982-இல் இரண்டு தேசியச் சாம்பியன்கள். நார்ஃபோக் நகரில் நடந்த என்.சி.ஏ.ஏ. இறுதியாட்டத்தில் லூசியானா டெக், விவியன் ஸ்டிரிங்கர் பயிற்றுவித்த செய்னி ஸ்டேட் அணியை 76-62 என வென்றது. கறுப்பின மக்களுக்காக நிறுவப்பட்ட கல்லூரிகளுள் அந்த இறுதியாட்டம் வரை வந்தது இன்றுவரை செய்னி ஒன்றுதான். மகளிர் சங்கத்தின் கடைசிக் கோப்பையை, பிலடெல்பியாவில் டெக்சஸை 83-77 என வென்று ரட்கர்ஸ் பெற்றது. அதன் பயிற்சியாளர் தெரசா கிரென்ட்ஸ், பத்தாண்டுகளுக்கு முன் அச்சங்கத்தின் முதல் கோப்பையை வென்ற இம்மாக்குலேட்டா அணியின் ஆட்டக்காரி. என்.சி.ஏ.ஏ.மீது தொடுத்த வழக்கும் தோற்றுப்போக, சங்கம் 1983-இல் கலைந்தது.

கேள்வி: இன்று ஆண்கள் போட்டிக்குச் சமமான மதிப்பு இதற்குக் கிடைக்கிறதா? (வாசகி, திருச்சி)

பதில்: அண்மையில்தான் நெருங்கி வருகிறது. டென்னசி அணிக்கு எட்டுக் கோப்பைகளைப் பெற்றுத்தந்த பேட் சம்மிட்டின் காலத்திலும், கனெக்டிகட் பன்னிரண்டு கோப்பைகளை வென்ற காலத்தின் பெரும்பகுதியிலும் இந்த ஏற்றத்தாழ்வு நீடித்தது. 2021-இல் சான் அன்டோனியோவில் கூடிய பெண்கள் அணிகளுக்கு உடற்பயிற்சிக்கென்று சில கைஎடைகள் மட்டுமே வைக்கப்பட்டிருந்ததையும், ஆண்களுக்கு முழு உடற்பயிற்சிக்கூடமே அமைக்கப்பட்டிருந்ததையும் ஒரு வீராங்கனை காணொளியாக வெளியிட்டபோதுதான் விசாரணை நடந்தது. மறு ஆண்டு, ஆண்கள் போட்டியைப் போலவே இதிலும் அணிகளின் எண்ணிக்கை 68 ஆயிற்று. 2024-இல் சவுத் கரோலினா அயோவாவை 87-75 என வென்ற இறுதியாட்டத்தைச் சராசரியாக 1 கோடியே 89 லட்சம் பேர் தொலைக்காட்சியில் கண்டார்கள். அவ்வாண்டு ஆண்கள் இறுதியாட்டத்தைக் கண்டவர்களைவிட அது ஏறத்தாழ 40 லட்சம் கூடுதல். போட்டியில் அணி முன்னேறுவதற்கேற்பப் பங்குத்தொகை வழங்கும் முறை பெண்களுக்கு 2025-இல்தான் வந்தது. ஆண்களுக்கு அது 1991-இலிருந்தே இருந்துவருகிறது.