மூன்று பேருக்கு எட்டு சர்வீஸ் தேவையா? டெவலப்பர் கேள்விகள், சில பதில்கள்

கேள்வி: எங்கள் டீமில் மூன்றே பேர். புது ப்ராஜெக்டை எட்டு மைக்ரோசர்வீஸாக (தனித்தனியே ஓடி, நெட்வொர்க் வழியாகப் பேசிக்கொள்ளும் சிறு ப்ரோகிராம்கள்) பிரித்துத் தொடங்கலாம் என்கிறார் ஒருவர். நாளைக்குப் பயனர்கள் பெருகினால் கைகொடுக்குமாம். செய்யலாமா?

எட்டு சர்வீஸ், மூன்று ஆள். ஆளுக்கு இரண்டரைக்கு மேல் வருகிறது. ஒருவர் லீவு போட்டால் நான்கு.

மைக்ரோசர்வீஸ் முதலில் தீர்ப்பது ஆட்கள் பிரச்சினையை, டிராஃபிக் அப்புறம்தான். ஐம்பது பேர் ஒரே கோட்பேஸில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு, அடுத்தவர் வேலை முடியும்வரை டிப்ளாய் செய்ய (புதிய கோடைப் பயனர்களுக்கு ஓடவிட) முடியாமல் நிற்கிறார்கள் என்றால் பிரிப்பதில் அர்த்தம் உண்டு. ஒரு நிறுவனத்துக்குள் ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ, அது கட்டும் சிஸ்டமும் அதே வடிவத்தில்தான் வரும் என்று மெல்வின் கான்வே 1968-லேயே எழுதிவிட்டார். நீங்கள் மூவரும் ஒரே மேசையில் பேசிக்கொள்கிறீர்கள். ஒரே ப்ரோகிராம் போதும்.

செலவையும் பாருங்கள். ஒரு ஃபங்ஷனை அழைக்க சில நானோ நொடிகள். அதையே நெட்வொர்க் வழியாக அழைத்தால், ஒரே டேட்டா சென்டருக்குள்கூட அரை மில்லி நொடி அளவுக்குப் போய்விடும். நேரத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். டைம்அவுட் வந்தால் ஆர்டர் பதிவானதா இல்லையா? ஆம், இல்லை என்ற இரண்டோடு 'தெரியாது' என்று மூன்றாவது பதில் ஒன்று சேர்ந்துவிடும். அதைச் சமாளிக்கவே பாதிக் கோட் எழுத வேண்டியிருக்கும். எல்லாம் ஒரே டேட்டாபேஸில் இருந்தால், முழுதும் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காது என்ற ஒரு டிரான்ஸாக்‌ஷனில் முடிகிற கதை இது.

நானும் பட்டவன்தான். ஒருமுறை ஐந்து பேர் சேர்ந்து பதினொரு சர்வீஸ் வைத்திருந்தோம். பயனர் விவரத்தில் ஒரே ஒரு நெடுவரிசை (column) சேர்க்க நான்கு ரெப்போ (கோட் களஞ்சியம்), நான்கு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை). ஒரு வெள்ளிக்கிழமை மாலை டிப்ளாய் வரிசை முன்பின்னாகிவிட்டது. நாற்பது நிமிடம் எல்லார் பெயரும் வெற்றாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஏழு சர்வீஸ்களைத் திரும்ப ஒன்றாக்கினோம். யாரும் அவற்றைத் தேடவில்லை.

ஒரே ப்ரோகிராமாகத் தொடங்குங்கள், ஆனால் உள்ளே சுவர் வையுங்கள். பில்லிங் மாட்யூல் ஸ்டாக் மாட்யூலின் டேபிளை நேரடியாகத் தொடக் கூடாது. அதன் ஃபங்ஷன் வழியாகத்தான் கேட்க வேண்டும். வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டால் இது இரண்டு வாரம் தாங்கும். ஆகவே தவறான இம்போர்ட் வந்தால் சிஐ-யில் (கோட் மாறும்போதெல்லாம் தானாகச் சோதிக்கும் சிஸ்டம்) பில்டே உடையட்டும். படங்களைச் சுருக்கும் பகுதி சிபியு-வை விழுங்குகிறது என்று ஒருநாள் தெரியவந்தால் அதை மட்டும் வெளியே எடுங்கள்.

கேள்வி: மெயில் அனுப்புவது, பிடிஎஃப் உருவாக்குவது மாதிரியான பின்னணி வேலைகளுக்குக் காஃப்கா (நிகழ்வுகளைச் சேமித்துப் பலருக்குக் கொடுக்கும் தனி சிஸ்டம்) வைக்கலாமா? டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ்.

ஒரு நாளைக்கு எத்தனை வேலை? நாளுக்கு 86,400 நொடி. ஒரு லட்சம் வேலை என்றாலும் சராசரியாக நொடிக்கு ஒன்றுக்குச் சற்று மேல்தான். அதற்கு ஒரு டேபிள் போதும்.

2016 ஜனவரியில் வந்த 9.5 பதிப்பிலிருந்தே போஸ்ட்கிரெஸில் 'ஸ்கிப் லாக்டு' இருக்கிறது. ஒரு வொர்க்கர் (வேலைகளை எடுத்து முடிக்கும் ப்ரோகிராம்) பூட்டி வைத்திருக்கும் டேபிள் வரிசையை (row) அடுத்த வொர்க்கர் காத்திருக்காமல் தாண்டிப் போய் வேறொன்றை எடுத்துக்கொள்ளும். பெரிய லாபம் வேறு: ஆர்டரையும் 'இந்த மெயிலை அனுப்பு' என்ற வரிசையையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் எழுதலாம். ஆர்டர் ரோல்பேக் ஆனால் மெயிலும் போகாது.

ஆனால் பத்து நிமிடம் ஓடும் வேலைக்காக டிரான்ஸாக்‌ஷனைத் திறந்தே வைக்காதீர்கள். பழைய வரிசைகளை அகற்றும் போஸ்ட்கிரெஸின் வேக்யூம், குப்பையைக் கூட்ட முடியாமல் நிற்கும். 'எடுத்தாயிற்று' என்று நேரத்தோடு குறித்து கமிட் செய்யுங்கள், நேரம் கடந்தும் முடியாததை வேறு வொர்க்கர் எடுக்கட்டும். இப்படிச் செய்யும்போது ஒரே வேலை இரண்டு முறை ஓடவும் வாய்ப்புண்டு, அதற்கும் தயாராக இருங்கள்.

ஒரே நிகழ்வுகளைப் பல டீம்கள் அவரவர் வேகத்தில் படிக்க வேண்டும், பழையதைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால், சரி, அப்போது காஃப்கா.

கேள்வி: ப்ரைமரி கீ-க்கு (டேபிளின் ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்டும் ஐடி) யுயுஐடி-யா (எங்கே வேண்டுமானாலும் உருவாக்கக்கூடிய நீளமான ஐடி), வரிசை எண்ணா?

ஐடி-யை ஒரே டேட்டாபேஸ்தான் தருகிறது என்றால் எண். பிக்இன்ட் ஆக வையுங்கள். சாதாரண இன்ட் 214 கோடியோடு முடிந்துவிடும், ஓடிக்கொண்டிருக்கும் பெரிய டேபிளில் அதை மாற்றுவது தூக்கத்தைக் கெடுக்கும் வேலை. வெளியே, மொபைல் ஆப்பில் ஐடி உருவாக வேண்டுமென்றால் யுயுஐடி. அதில் ஏழாம் வகையை எடுங்கள். நான்காம் வகை முழுக்க ரேண்டம் என்பதால் இண்டெக்ஸில் கண்ட இடத்தில் போய் விழும். 2024-இல் தரமாக்கப்பட்ட ஏழாம் வகையின் தொடக்கத்தில் நேரம் இருப்பதால் வரிசையாகச் சேரும். உருவான நேரம் வெளியில் தெரிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: கோட் எழுதும் எடிட்டராக விம்-மா, விஎஸ் கோடா?

கை பழகியது எதுவோ அது. எதை எடுத்தாலும் டிபக்கரைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோடும் டெஸ்ட்டும் ஏஐ எழுதுகிறது. எல்லா டெஸ்ட்டும் பச்சை, அதாவது பாஸ். இருந்தும் மனம் ஒப்பவில்லை.

உங்கள் மனம் சொல்வதுதான் சரி. ஒரு சந்தா புதுப்பிப்புக் கோடை ரிவ்யூ செய்தேன். 'அடுத்த மாதம்' என்பதற்கு முப்பது நாள் கூட்டியிருந்தது. ஜனவரி 31-க்கு விடை மார்ச் 2. டெஸ்ட்டைப் பார்த்தால் அங்கேயும் மார்ச் 2 வருகிறதா என்றே சரிபார்க்கிறது! கோடைப் பார்த்து எழுதிய டெஸ்ட் கோடின் தவறுக்கும் சேர்த்துத்தான் தலையாட்டும்.

எதிர்பார்க்கும் விடைகளை மட்டும் நீங்கள் கையால் எழுதுங்கள், அதுவும் கோட் வருவதற்கு முன். ஐந்து வரி போதும்: மாதக் கடைசி, பூஜ்யம், வெற்று, நகல், மிகப் பெரிய எண். மற்றதை அது எழுதட்டும்.

இன்னொன்று, இல்லாத பேக்கேஜ் பெயரை அது நம்பிக்கையோடு எழுதும். அந்தப் பெயரில் யாராவது விஷமக் கோடைப் பதிவேற்றி வைத்திருந்தால் உங்கள் இன்ஸ்டால் கட்டளையே கதவைத் திறந்துவிடும். புதிய பேக்கேஜ் வரும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டையும் மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும்.

கேள்வி: போன மாதம் ஓடியது இப்போது ஓடவில்லை. நடுவில் 600 கமிட் (பதிவான கோட் மாற்றங்கள்).

கிட்டின் (கோட் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி) 'பைசெக்ட்' கட்டளை. ஓடிய கமிட் எது, ஓடாத கமிட் எது என்று சொல்லிவிட்டால் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும். 600 கமிட்டுக்குப் பத்து முறை பார்த்தால் கெடுத்த கமிட்டைப் பிடித்துவிடலாம். அந்தப் பத்தையும் நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. 'பைசெக்ட் ரன்' என்று ஒரு ஸ்கிரிப்டைக் கொடுத்துவிட்டு எழுந்து போகலாம். ஸ்கிரிப்ட் 0 தந்தால் நல்லது, 1 தந்தால் கெட்டது. நடுவில் பில்டே ஆகாத கமிட் வந்தால் 125 தரச் சொல்லுங்கள், அதைத் தாண்டிப் போகும்.