இதய மேலறைப் பை வீக்கம்: வலி இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சை தேவையா?

உசிலம்பட்டியில் இருக்கும் உங்கள் 28 வயதுத் தங்கைக்கு அவ்வப்போது படபடப்பு. எக்ஸ்ரேயில் இதயத்தின் இடது ஓரம் புடைத்திருக்கிறது. எக்கோவில் (ஒலி அலைகளால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) இடது மேலறைப் பை வீங்கியிருப்பதாகச் சொன்னார்கள். வலியே இல்லையே, அறுவை சிகிச்சை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

இடது மேலறையில் காது மடல்போல ஒரு சிறு பை எல்லோருக்கும் உண்டு. அதன் தசை பிறவியிலேயே பலவீனமாக இருந்தால், வயது ஏற ஏற உப்பிக்கொண்டே போகும். மிக அரிதான கோளாறு இது.

வலியைவிட நான் அஞ்சுவது ரத்தக் கட்டியைத்தான். கண்மாய் மூலையில் தேங்கிய நீரில் பாசி பிடிப்பதுபோல, அந்தப் பையில் தங்கும் ரத்தம் உறையும். ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம்.

ஆகவே, சாதாரண எக்கோவோடு நிறுத்தாதீர்கள். உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ ரத்தக் கட்டி இருக்கிறதா என்று காட்டும், சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. பையின் அளவைத் தெளிவாகக் காட்டும். தொந்தரவு இல்லாதவர்களுக்கும் பெரும்பாலும் பையை அகற்றிவிடவே பரிந்துரைக்கிறார்கள். அதுவரை ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை வேண்டுமா என்பதை இதய மருத்துவர் முடிவுசெய்வார்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. எக்ஸ்ரே படத்தையும் எக்கோ அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள். இடையில் ஒரு கை சட்டென்று தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.