மாமனாரைத் தூக்காதீர்கள்

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. மாமனாருக்குப் பக்கவாதம் வந்து 4 மாதம் ஆகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. சொன்னால் புரிந்துகொள்கிறார், பேச்சுதான் சரியாக வரவில்லை. 70 கிலோ இருப்பார். கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். நானும் மாமியாரும்தான் பார்த்துக்கொள்கிறோம். அக்குளில் கை கொடுத்துத் தூக்கித்தான் உட்கார வைக்கிறேன். இப்போது எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவருக்கோ வலது தோளைத் தொட்டாலே வலி. போன வாரம் நாற்காலிக்கு மாற்றும்போது இரண்டு பேரும் சரிந்தே விட்டோம். ஆளை எப்படிச் சரியாகத் தூக்குவது?

பதில்: தூக்கவே வேண்டாம். உருட்டலாம், இழுத்து நகர்த்தலாம், அவரையே எழவைக்கலாம். இந்த மூன்றும் கைவந்துவிட்டால் தூக்குகிற வேலையே அநேகமாக இருக்காது.

உங்கள் ஊர் கொள்முதல் நிலையத்தில் நெல்லை 40 கிலோ சிப்பமாகப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சுமப்பவர் அந்த வேலையிலேயே ஊறிய ஆள். சிப்பமும் பாதி வழியில் பயந்துபோய் அவர் கழுத்தைக் கட்டிப் பிடிக்காது. நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் மேல் விழும் பாரம், எல்லாம் தோதாக இருந்தாலும்கூட, சுமார் 16 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்காவில் தொழிலாளர் நலனுக்காகப் போட்ட கணக்கு. உங்கள் மாமனார் 70 கிலோ. ‘முதுகை நிமிர்த்து, முழங்காலை மடக்கு’ என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் அதனால் 70 கிலோ 16 ஆகிவிடாது. நான் நர்சிங் படித்த காலத்தில் எங்களுக்கும் இந்த அக்குள் பிடியைத்தான் காட்டினார்கள். அதில் போன என் இடுப்பு ஐப்பசி அடைமழை வந்தால் இன்றைக்கும் ஞாபகப்படுத்தும்.

முதலில் அந்தத் தோள். பக்கவாதத்தில் தோள் மூட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் தசைகள் தளர்ந்துபோகும். கையின் கனத்திலேயே எலும்பு மூட்டுக்குழியிலிருந்து கொஞ்சம் இறங்கி நிற்கும். அந்த நேரத்தில் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாலோ, கையைப் பிடித்து இழுத்தாலோ மூட்டு இன்னும் விலகும். இன்றிலிருந்து அந்தக் கையைப் பிடித்து யாரும் இழுக்க வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போது கையைத் தொங்கவிடாமல் ஒரு தலையணை மேல் வையுங்கள். வலி தொடங்கிவிட்டதால் டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அடுத்தது கட்டில். கயிற்றுக் கட்டிலாக இருந்தால் மாற்றிவிடுங்கள். குழிவிழுந்த கட்டிலிலிருந்து நல்ல ஆளே கையூன்றித்தான் எழ வேண்டியிருக்கிறது. மரக்கட்டில் போதும். ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும், இடுப்பு முழங்காலைவிடச் சற்றே மேலே இருக்க வேண்டும். உயரம் பற்றாவிட்டால் கட்டில் கால்களுக்கு அடியில் ஆடாத மரக்கட்டை கொடுங்கள். சுவரை ஒட்டிப் போடாதீர்கள், இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும்.

அவர் கால்மாட்டுக்குச் சரிந்துவிட்டாரா? பழைய நாலு முழ வேட்டியை இரண்டாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வருகிறபடி அவருக்குக் கீழே போடுங்கள். அதற்கும் கீழே வழுவழுவென்று ஒரு பழைய நைலக்ஸ் புடவை. தலையணையை எடுத்துவிட்டு, நீங்கள் ஒரு பக்கமும் மாமியார் ஒரு பக்கமுமாக வேட்டியின் ஓரத்தை அவர் உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடியுங்கள். “மாமா, இடது காலை மடக்கி ஊன்றிக்கோங்க, மூணு சொன்னதும் உந்துங்க” என்று சொல்லுங்கள். கையால் இழுக்காமல், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உங்கள் உடம்பைச் சாயுங்கள். வேட்டி புடவை மேல் வழுக்கிக்கொண்டு போகும். வேலை முடிந்ததும் புடவையை உருவிவிடுங்கள். மறந்தால் ராத்திரி அவர் வழுக்கி இறங்கிவிடுவார்.

உட்கார வைக்க அவருக்கு இடது பக்கம் நில்லுங்கள். வலது கையை அவரே இடது கையால் எடுத்து மார்பின் மேல் வைத்துக்கொள்ளட்டும். வலது முழங்காலை மடக்கிவிடுங்கள். வலது தோள்பட்டை எலும்பின் பின்னால் ஒரு கை, இடுப்பில் ஒரு கை வைத்து உங்களை நோக்கி உருட்டுங்கள். ஒருக்களித்ததும் இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். இங்கேதான் சூட்சுமம். கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தில் ஒரு முனை இறங்க மறுமுனை ஏறுகிற மாதிரி, கால் கனம் கீழே இழுக்கும்போதே தலைப்பக்கம் எழும்பும். அவர் இடது முழங்கையை ஊன்றுவார், நீங்கள் தோள்பட்டைக்குப் பின்னால் கை கொடுத்தால் போதும். கழுத்தைப் பிடிக்காதீர்கள். உட்கார்ந்த பிறகு இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். படுத்தே கிடந்தவருக்குச் சட்டென்று ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். போன வாரம் சரிந்ததற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

நாற்காலி அவருடைய இடது பக்கம், கட்டிலை ஒட்டிச் சாய்வாக இருக்கட்டும். கைப்பிடி உள்ள கனமான நாற்காலி வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி சிமெண்ட் தரையில் நழுவும். கட்டியிருக்கும் கைலியைப் பிடித்து எழுப்பவே கூடாது, அவிழ்ந்துவிடும். ஒரு துண்டைப் பட்டையாக மடித்து இடுப்பைச் சுற்றி முடிந்து, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் பாதம் முழங்காலைவிடச் சற்றுப் பின்னால், கட்டில் பக்கமாகத் தள்ளி இருக்கட்டும். அவருடைய வலது முழங்கால் மடங்கிவிடாமல் உங்கள் முழங்காலால் அணை கொடுங்கள். மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேரே வருகிற அளவு முன்னால் குனியச் சொல்லுங்கள். பிட்டம் தானாகவே எழும்பும். நாம் மேலே இழுக்கிறோம், அவரோ பின்னால் சாய்கிறார் — பெரும்பாலும் ஆட்கள் விழுவது இப்படித்தான். அவர் இடது கை நாற்காலியின் கைப்பிடிக்குப் போகட்டும், உங்கள் கழுத்துக்கு வேண்டாம். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள். இடது காலிலும் பலம் நிற்காத நாளாக இருந்தால் விட்டுவிடுங்கள், கட்டிலிலேயே சாய்ந்து உட்காரட்டும்.

மீறிச் சரிந்தால் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். உங்கள் தொடை மேல் சறுக்கவிட்டு, தலை அடிபடாமல் தரைக்கு இறக்குங்கள். இடுப்பில் கடும் வலி, அல்லது ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். முழுக்க ஒருக்களிக்க வேண்டியதில்லை, முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொன்று, குதிகால் மெத்தையில் படாமல். படுக்கைப்புண் வரும் முன்னால் தோல் சிவக்கும் என்பார்கள். நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. கருத்துப்போய், சூடாக, தடிப்பாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். கடையில் விற்கிற காற்று வளையமும் வேண்டாம், அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அமுக்கும்.

உங்கள் இடுப்பு வலியோடு காலில் பலம் குறைந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மற்றபடி, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். இயன்முறை மருத்துவர் வரும் நாளில், நாற்காலிக்கு மாற்றுவதை அவர் முன்னால் நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள். மாமியாரும் கூட நிற்கட்டும்.