லா பிரேயா தார்க் குழிகள்: நீங்கள் கேட்டவை

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குள், வில்ஷயர் சாலையை ஒட்டியே இருக்கும் லா பிரேயா தார்க் குழிகளை, அதாவது தாரில் சிக்கிச் செத்த பழங்கால மிருகங்களின் எலும்புகள் குவிந்து கிடக்கும் இடத்தைப் பற்றித்தான் கேள்வி எல்லாம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, யானை சைஸ் மிருகம் தாருக்குள் எப்படி மூழ்கும்? புதைகுழி மாதிரியா?

மூழ்காது. பெரும்பாலான இடங்களில் சில அங்குலத் தார்தான், அதுவே போதும். பூமிக்கு அடியிலிருந்து கச்சா எண்ணெய் விரிசல் வழியாகக் கசிந்து மேலே வருகிறது, லேசான பகுதி ஆவியாகிப் போக, பசை மாதிரிக் கெட்டியானது மட்டும் தங்கிவிடுகிறது. அதன்மேல் தூசியும் சருகும் படிந்தால் சும்மா தரை மாதிரியே தெரியும். வெயில் காலத்தில் நன்றாக இளகியிருக்கும். கால் வைத்த மிருகம் இழுக்க இழுக்க இன்னும் ஒட்டிக்கொண்டு, பசியிலோ தாகத்திலோ சாகும், இல்லையென்றால் அதற்குள் ஓநாய் வந்துவிடும். போட்டோவில் பார்க்கும் கறுப்புக் குளம் வேறு கதை. அது 19-ஆம் நூற்றாண்டில் தார் வெட்டியெடுத்த பள்ளம், பிறகு தண்ணீர் நிரம்பிவிட்டது. அதில் வரும் குமிழி மீத்தேன்.

டைனோசர் எலும்பு கிடைத்ததா?

இல்லை, கிடைக்கவும் கிடைக்காது. டைனோசர் அழிந்து 6.6 கோடி ஆண்டு ஆகிறது, இந்த எலும்புகளுக்கு அதிகபட்சம் ஐம்பதாயிரம் ஆண்டு, கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

டயர் ஓநாய் (அழிந்துபோன பெரிய ஓநாய் வகை) மட்டும் 4,000-க்கு மேல், வாள்பல் பூனை (நீளக் கோரைப்பல் கொண்ட, அழிந்துபோன பெரிய பூனை வகை) 2,000-க்கு மேல் கிடைத்தன என்கிறார்கள். அப்போது மானும் மாடும் கம்மியா? இவை எதைத் தின்று வாழ்ந்தன?

சரியான இடத்தில் சந்தேகம் வந்திருக்கிறது. அங்கே கிடைத்த பெரிய பாலூட்டிகளில் பத்தில் ஒன்பது பங்கு ஊன் உண்ணிகள். எந்தக் காட்டிலும் இப்படி இருக்காது. ஒரு பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) மாட்டிக் கத்தினால் போதும், ஓநாய்க் கூட்டமே வந்து சேரும், அதிலும் நாலு மாட்டும், அந்தப் பிணங்களைத் தின்னக் கழுகு வரும், அதுவும் மாட்டும். ஆக, குழி காட்டுவது விருந்துக்கு யார் யார் வந்தார்கள் என்பதை, காட்டில் எத்தனை இருந்தன என்பதை அல்ல. இந்த எண்ணிக்கையை வைத்து 'ஓநாய்கள் ஆண்ட காலம்' என்று வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கடுப்பாகத்தான் இருக்கும். இன்னொன்று, தினமும் அங்கே கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன என்றும் நினைக்க வேண்டாம். பத்து வருடத்துக்கு ஒரு தடவை பத்துப் பெரிய மிருகம் மாட்டினாலே, முப்பதாயிரம் வருடத்தில் இவ்வளவும் சேர்ந்துவிடும்.

ஒட்டகம் கிடைத்ததாம், அமெரிக்காவில் ஒட்டகமா? எங்கிருந்து போனது?

போகவில்லை, அங்கிருந்துதான் வந்தது! ஒட்டகக் குடும்பம் உருவானதே வட அமெரிக்காவில்தான், நாலு கோடி ஆண்டுக்கும் முன்னால். கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து, கடல் மட்டம் இறங்கி அலாஸ்காவும் சைபீரியாவும் தரையால் இணைந்திருந்த காலத்தில் ஆசியாவுக்கு நடந்து வந்தவற்றின் வம்சம்தான் நம் ராஜஸ்தான் ஒட்டகம். தெற்கே போனவை லாமா ஆயின. பிறந்த மண்ணில் இருந்தவை பூண்டோடு போய்விட்டன. குதிரைக்கும் இதே கதை, 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் கப்பலில் கொண்டுபோய்த்தான் திரும்பவும் விட்டார்கள். எதிர்த்திசையில் வந்தவையும் உண்டு: மாமத் யானையும் பைசனும் ஆசியாவிலிருந்து, தரையில் வாழ்ந்த ராட்சத ஸ்லாத் (இன்று மரத்தில் தொங்கி மெதுவாக நகரும் ஸ்லாத்தின் பெரிய உறவு) தென் அமெரிக்காவிலிருந்து. நாலு திசையிலிருந்தும் வந்தவை ஒரே குழியில் கிடக்கின்றன.

வருடா வருடம் இடம்பெயர்ந்தனவா என்பது எலும்பில் தெரியுமா?

பல்லில் தெரியும், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. கன்றுக்கு எந்த மாதத்தில் எந்தப் பல் முளைக்கும், எவ்வளவு தேயும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. லா பிரேயாவின் பைசன் கன்றுத் தாடைகளை எடுத்துப் பார்த்தால் வயது சீராகப் பரவியில்லை: இரண்டிலிருந்து நான்கு மாதக் கன்றுகள் ஒரு கும்பல், அதோடு ஒரு வருடம் கூடியவை ஒரு கும்பல், அப்புறம் இன்னும் ஒரு வருடம் கூடியவை. நடுவில் இடைவெளி. கன்று பிறப்பது வசந்தத்தில் என்பதால், மந்தை ஆண்டின் ஒரே பருவத்தில், வசந்தத்தின் கடைசி வாக்கில் மட்டும் அந்தப் பக்கம் வந்துபோயிருக்கிறது என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். எனக்கு இது ஏற்கத்தக்க வாதமாகவே படுகிறது, ஆனால் மந்தை மிச்ச மாதங்களில் எங்கே இருந்தது என்பதைப் பல் சொல்லாது.

டிஎன்ஏ எடுத்து டயர் ஓநாயைத் திரும்ப உருவாக்கலாமே மேடம்?

இந்தத் தாரில் ஊறிய எலும்பில் டிஎன்ஏ கிடைப்பது பெரும்பாடு. டயர் ஓநாயின் மரபணு 2021-இல் வெளியானபோதுகூட அது வேறு இடத்து எலும்புகளிலிருந்து வந்ததுதான். இன்றைய சாம்பல் ஓநாய்க்கு அது நெருங்கிய உறவே இல்லை என்றும் அப்போது தெரிந்தது.

மனித எலும்பு?

ஒரே ஒரு பெண், 1914-இல் கிடைத்தது. சுமார் பத்தாயிரம் ஆண்டு பழையது.

கடைசியில் எல்லாம் ஏன் அழிந்தன? குளிரா?

குளிர் இல்லை, சூடு. 2023-இல் வந்த ஆய்வு எலும்புகளுக்கு ஒவ்வொன்றாகக் கார்பன் தேதி போட்டுப் பார்த்தது. பெரிய மிருகங்கள் 12,900 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இல்லாமல் போய்விட்டன. பக்கத்தில் எல்சினோர் ஏரியின் சேற்றில் அதற்குச் சற்று முன்பிருந்து கரித்தூள் திடீரென்று கூடுகிறது, அதாவது காட்டுத்தீ கூடியிருக்கிறது. வெப்பம், வறட்சி, நெருப்பு மூட்டத் தெரிந்த மனிதர்கள், தழை தின்னும் மிருகங்கள் குறைந்ததால் மண்டிய புதர், எல்லாம் சேர்ந்துகொண்டன. ஒரே காரணம் சொல்லுங்கள் என்று கேட்டால் என்னால் முடியாது. அந்த ஆய்வு பார்த்தவற்றில் கொயோட்டி (ஓநாயின் சின்ன உறவு) மட்டும் தப்பியது, அதுவும் உருவம் சிறுத்து, கிடைத்ததைத் தின்று.