வாசகர் கேள்வி – பதில்: இல்லத்தரசிக்குப் புகழ் உண்டு, உரிமை எங்கே?

கேள்வி: “மனையுறை மகளிர்க்கு ஆடவர் உயிர்” என்ற குறுந்தொகை அடியைச் சொல்லி, பெண் வீட்டோடு இருப்பதே தமிழர் மரபு என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். சங்க இலக்கியம் அப்படித்தான் சொல்கிறதா?
– வாசகி ஒருவர்

பதில்: அந்த அடி உண்மையானது, ஆனால் அது எந்தச் சூழலில், யாரால் சொல்லப்படுகிறது என்பதைப் பேச்சாளர் விட்டுவிட்டார். பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடிய 135ஆம் பாடல் அது. பொருள் தேடத் தலைவன் பிரிந்துவிடுவானோ என்று கலங்கும் தலைவியிடம் தோழி பேசுகிறாள்: “ஆடவர்க்குத் தொழில் உயிர், வீட்டிலிருக்கும் மகளிர்க்கு ஆடவர் உயிர் என்று நமக்கு எடுத்துச் சொன்னவரே அவர்தாம்; ஆகவே அழாதே, அவர் பயணத்தைத் தவிர்ப்பார்.” தலைவன் சொன்ன சொல்லையே பிடித்துக்கொண்டு, அவன் போக முடியாது என்று தோழி வாதாடுகிறாள். பெண்ணுக்கு விதிக்கப்பட்ட கட்டளையாக இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பாட்டின் பின்பாதியைப் படிப்பதில்லை.

ஆணுக்கு வெளி, பெண்ணுக்கு வீடு என்ற பிரிவினை சங்கப் பாடல்களில் இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். “ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே” என்னும் புறநானூற்றுப் பாடல் தாயின் கடமையைத் தனியே வகுத்துவைக்கிறது. ஆயினும் எல்லாப் பெண்களுக்கும் அந்த வாழ்க்கை வாய்க்கவில்லை. உப்புக்கு நெல்லை மாற்றிக்கொள்ளத் தெருவில் கூவி விற்ற உமணர் (உப்பு வணிகர்) மகளை அகநானூறு காட்டுகிறது; சிறு விளக்கொளியில் வேலை செய்யும் பருத்திப் பெண்டை (நூல் நூற்கும் பெண்ணை) புறநானூறு காட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள் மோர் விற்ற வருவாயில் சுற்றத்தாருக்கு உணவளிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொடுத்தால் அதை வாங்க மறுத்து, எருமையும் பசுவும் பெற்றுக்கொள்கிறாள். எது வளரும் செல்வம், எது பெட்டிக்குள் கிடக்கும் செல்வம் என்று தானே முடிவெடுக்கும் பெண் அவள்.

இந்தக் கேள்விக்கு நான் முதன்மையாகக் காட்ட விரும்புவது புறநானூற்றின் 163ஆம் பாடல். வள்ளல் குமணனிடம் பெரும் பரிசில் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார், நெடுநாள் வறுமையில் குடும்பத்தைத் தாங்கிய தம் மனைவியிடம் அதை ஒப்படைக்கிறார். உன்னை விரும்பி வந்தோர்க்கும், நீ விரும்புவோர்க்கும், பசி நீங்க உனக்குக் கடன் தந்தோர்க்கும், இன்னார்க்கு என்று பாராமல் கொடு என்கிறார். அதோடு நிறுத்தாமல் “என்னொடும் சூழாது” என்றும் சேர்க்கிறார். என்னைக் கலந்து ஆலோசிக்கவும் வேண்டாம் என்பது அதன் பொருள். இல்லத்தரசியின் நிலையை அளக்க அவள் எத்தனை புகழப்பட்டாள் என்று பார்ப்பது போதாது. வீட்டிலுள்ள பொருளை யாரையும் கேட்காமல் எடுத்துக் கொடுக்க அவளால் முடிந்ததா என்றுதான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: அப்படியானால் காரைக்கால் அம்மையார் ஒரு மாங்கனியைக் கொடுத்ததற்கு ஏன் அவ்வளவு தவித்தார்?
– வாசகர் ஒருவர்

பதில்: மிக நல்ல கேள்வி. பெரியபுராணத்தில் இந்தப் பகுதியைப் பக்திக் கதையாக மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அம்மையாரின் கணவன், வணிகனாகிய பரமதத்தன் தனக்குக் கிடைத்த இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்கு, கறியமுது இன்னும் ஆகாத நிலையில், புனிதவதியார் என்ற இயற்பெயர் கொண்ட அம்மையார் சோற்றோடு ஒரு கனியை இடுகிறார். விருந்தோம்பல் மனைவியின் முதல் கடமை என்று எல்லா நூல்களும் சொல்லும்போது, அவர் செய்தது அந்தக் கடமையைத்தான். பின்னர் கணவன் உணவருந்தும்போது முதல் கனியைச் சுவைத்துவிட்டு இரண்டாவதையும் கேட்கிறான். அந்த நொடியில் “அடியாருக்குக் கொடுத்துவிட்டேன்” என்ற எளிய சொல் அவர் வாயில் வரவில்லை. தளர்ந்து நின்று இறைவனை வேண்டுகிறார், வேறொரு கனி கைக்கு வருகிறது.

கடமை மனைவியுடையது, கனி கணவனுடையது. பெருஞ்சித்திரனாரின் மனைவிக்கு இருந்த “என்னொடும் சூழாது” என்ற அனுமதி இந்த வீட்டில் இல்லை. கொடுக்கும் பொறுப்பை ஒருவரிடமும் பொருளின் உரிமையை வேறொருவரிடமும் வைத்துவிட்டால், ஒரு கனிக்குக்கூடக் கணக்குச் சொல்ல நேரிடும் என்பதைச் சேக்கிழாரின் கதை எவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறது! பின்னாளில் கணவன் வேறொரு பெண்ணை மணந்து வாழ்வதை அறிந்ததும், “இவனுக்காகத் தாங்கிய வனப்பு நின்ற தசைப்பொதி” தமக்கு இனி வேண்டாம் என்று கூறிப் பேய் வடிவம் வேண்டுகிறார் அம்மையார். மனைவி என்ற பொறுப்பிலிருந்து ஒரு பெண் இவ்வளவு முழுமையாக வெளியேறிய இடம் நம் இலக்கியத்தில் அரிது.

கேள்வி: கண்ணகியைப் பொறுமைக்கு உவமையாகச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அவள் உண்மையில் அவ்வளவு பணிந்தவளா?
– வாசகி ஒருவர்

பதில்: சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைப் படித்துப் பாருங்கள். பிரிவுக் காலத்தைப் பற்றிப் பேசும்போது, அறவோர்க்கு அளித்தலையும் அந்தணரை ஓம்புதலையும் துறவோரை எதிர்கொள்ளுதலையும் விருந்தினரை வரவேற்பதையும் தான் இழந்துவிட்டதாகக் கண்ணகி கூறுகிறாள். வீடு இருந்தது, பொருள் இருந்தது, ஆனால் கணவன் உடனில்லாத மனைவிக்கு விருந்தோம்பும் தகுதி இல்லை. அதே இடத்தில் “போற்றா ஒழுக்கம் புரிந்தீர்” என்று கோவலனை நேருக்கு நேர் குற்றம் சாட்டவும் செய்கிறாள். அவள் கையில் எஞ்சியிருந்த உடைமை காற்சிலம்பு; அதைத் தானே முன்வந்து கொடுத்தாள், அதன் பொருட்டே அரசவையில் வழக்காடினாள். பாண்டியனைத் “தேரா மன்னா” என்று விளித்த பெண்ணைப் பணிவுக்கு மட்டும் எடுத்துக்காட்டாக்கியது பின்வந்தவர்கள் செய்த தேர்வு.

கேள்வி: பெண் கல்விக்காகப் போராடிய பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகளும் நல்ல மனைவியை உருவாக்கத்தான் கல்வி வேண்டும் என்றார்களாமே?
– ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: பலர் அப்படித்தான் வாதிட்டார்கள். 1879இல் வெளியான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நாவலில் மாயூரம் வேதநாயகம் பிள்ளை படைத்த ஞானாம்பாள் ஆண் வேடத்தில் ஒரு நாட்டையே ஆளுகிறாள். ஆட்சித் திறனை நிறைவாகக் காட்டிய பிறகு, மீண்டும் இல்லற வாழ்க்கைக்கே திரும்புகிறாள். அந்தக் கால வாசகரை அச்சுறுத்தாமல் பெண்ணின் அறிவை நிறுவ அவருக்கு அது ஒரு வழியாக இருந்திருக்கலாம் என்று நான் கருதுகிறேன். ஆனால் கல்வி கற்ற பெண்கள் தாங்களே எழுதத் தொடங்கியதும் அந்த எல்லை நிற்கவில்லை. வை. மு. கோதைநாயகி 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தினார். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. பேச்சு கல்வியிலிருந்து பொருளுக்கு நகர்ந்தது அப்போதுதான்.

கேள்வி: என் பாட்டி வீட்டை ஆண்டவர், மனநிறைவோடு வாழ்ந்தவர். இல்லத்தரசியாக இருப்பதைக் குறையாகப் பேசுவது அவரைப் போன்றவர்களை அவமதிப்பதாகாதா? அவர்களுக்குச் சட்டம் என்னதான் கொடுத்திருக்கிறது?
– வாசகி ஒருவர்

பதில்: உங்கள் பாட்டியின் மனநிறைவை நான் சிறிதும் ஐயுறவில்லை. வீட்டு வேலை தாழ்ந்தது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. அந்த வேலையின் அளவை எண்ணிப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். 2019இல் இந்தியா முழுவதும் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம்.

பிறந்த வீட்டுச் சொத்தைப் பொறுத்தவரை, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணை முழு உரிமையாளர் ஆக்கியது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதற்கும் 2005இலும் வந்தது. புகுந்த வீட்டில் அவர் உழைப்பால் சேர்ந்த சொத்து பற்றிய கேள்வி இன்னும் பிந்தியது. 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் வெளிநாட்டில் ஈட்டி அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்திலும் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது; அவர் வீட்டைத் தாங்கியிராவிட்டால் கணவரால் அவ்வளவு ஈட்டியிருக்க முடியாது என்பதே அதன் அடிப்படை. மிகவும் வரவேற்கத்தக்க தீர்ப்பு. ஆனால் அது வழக்காடிப் பெற்றது. அத்தனை ஆண்டு நீதிமன்றம் ஏறி இறங்க எல்லாப் பெண்களாலும் முடியாது. ஆகவே வீடோ நிலமோ வாங்கும்போதே பத்திரத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கையும் இருவரும் தனித்தனியே கையெழுத்திட்டுப் பணம் எடுக்கக்கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள்.