வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அலைச்சல் இல்லாமல் இரண்டு நாள் கடற்கரையில் இருந்துவிட்டு வர எந்த ஊர் நல்லது?

தரங்கம்பாடி. எதற்கு என்று சொல்கிறேன்.

நாங்கள் இங்கே போனதற்கு முந்தைய வருடம் ஒரு பெரிய கடற்கரை ஊருக்குப் போயிருந்தோம். மூன்று நாளில் பதினோரு இடம். என் மாமியாருக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். வேனிலிருந்து இறங்குவது ஒரு பாடு, திரும்ப ஏறுவது இரண்டு பாடு. எங்கே போனாலும் வரிசை. கடலுக்குப் பக்கத்தில் நாங்கள் உட்கார்ந்தது மொத்தமாகச் சேர்த்தால் முக்கால் மணி நேரம் வராது. ஊர் திரும்பி, அலுப்பு தீர இன்னொரு நாள் லீவு போட்டதுதான் மிச்சம். அப்போதே என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், அடுத்த தடவை பார்க்க நிறைய இல்லாத ஊருக்குத்தான் போகவேண்டும் என்று.

தரங்கம்பாடி அப்படிப்பட்ட ஊர். 1792-ல் கட்டிய வெள்ளை வாசல் ஒன்று இருக்கும். அதற்குள் நுழைந்தால் நேராக ஒரு தெரு. அதிலேயே இரண்டு பழைய தேவாலயங்கள், சில டேனிஷ் காலத்து வீடுகள். தெரு முடிகிற இடத்தில் ஒரு வெட்டவெளி, ஒரு பக்கம் கோட்டை, எதிரே கடல். அவ்வளவுதான் ஊர். பத்து நிமிட நடை. நடக்க முடியாதவர்களை ஆட்டோவில் கடலோரம் வரை கொண்டுபோய் இறக்கிவிடலாம்.

நாங்கள் திருச்சி. மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து பேருந்து. பிப்ரவரி மாதம், வெள்ளிக்கிழமை மட்டும் பிள்ளைகளுக்கு லீவு சொல்லிவிட்டுப் போனோம். மாதத்தை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தோம். அக்டோபர், நவம்பரில் இந்தப் பக்கம் மழை பிடித்தால் விடாது. ஏப்ரல், மே மாதத்தில் மணலில் கால் வைக்க முடியாது. பொங்கல் வாரத்தில் கூட்டம்.

போன அன்று கோட்டை அருங்காட்சியகம் பூட்டியிருந்தது, வெள்ளிக்கிழமை விடுமுறையாம். எங்களுக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. வேறு வேலையே இல்லாததால், தங்கிய வீட்டுத் திண்ணையில் நாற்காலியைப் போட்டு மாமியார் உட்கார்ந்தவர் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் மணலில். நான் பல மாதம் கழித்து மதியம் தூங்கினேன்.

மறுநாள் காலை ஆறரைக்குச் சூரியன் எழும்பும்போது கரையில் இருந்தோம். உங்கள் வீட்டில் தூங்குமூஞ்சிகள் இருந்தாலும் இதற்கு மட்டும் எழுப்பிவிடுங்கள். சூரியனுக்காக இல்லை, மீனுக்காக. இரவு போன ஃபைபர் படகுகள் அந்த நேரத்தில்தான் கரைக்கு வரும். நாலு பேர் வலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதற, நெத்திலி வெள்ளிக்காசு மாதிரி தார்ப்பாயில் கொட்டியது. காக்காய்கள் ஒரு பக்கம், என் மகன் ஒரு பக்கம். ஒரு அக்கா சின்னச் சின்னக் கூறாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

“கூறு என்ன விலைம்மா?” என்றார் மாமியார்.

“நூத்தம்பது, ஆச்சி.”

“நூறு வெச்சுக்க. காந்தி மார்க்கெட்டுலயே நூறுதான்.”

“அங்க இருக்கிற மீன் நேத்து செத்தது, ஆச்சி. இது இன்னும் துடிக்குது பாருங்க.”

உண்மையாகவே ஒன்று துடித்தது. மாமியார் அதற்கு மேல் பேசவில்லை. நூற்றைம்பதைக் கொடுத்தார், அந்த அக்கா கூடவே ஒரு கை அள்ளிப் போட்டார். தங்கிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் கேட்டதும் சமைத்துத் தர ஒப்புக்கொண்டார். பாதி குழம்பு, பாதி வறுவல். ஊரில் சாப்பாட்டுக்கடைகள் குறைவு. அதனால் வீட்டுச் சாப்பாடு தருகிற இடமாகப் பார்த்துத் தங்குங்கள். இல்லையென்றால் மூன்று வேளையும் பக்கத்து ஊரான பொறையாற்றுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது போனால் பெரிய மீன்களின் விலை ஏறியிருக்கும்.

கோட்டைக்கு அன்று பத்து மணிக்குப் போனோம். தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்ட ஆரம்பித்தது. 1845-ல் ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய். கீழே வில்வளைவுக் கூரை போட்ட அறைகள், கிட்டங்கி, சிறை. சுவர் அவ்வளவு கனம், வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே குளுகுளுவென்று இருந்தது. நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்னும் கோபன்ஹேகனில் இருக்கிறது என்று நாலாவது படிக்கும் மகளிடம் சொன்னேன். “தப்பா எழுதிட்டா எப்படி அழிப்பாங்க?” என்றாள். யாருக்கும் பதில் தெரியவில்லை.

தெருவில் சீகன்பால்கு சிலையைப் பார்த்ததும் அவளுக்கு அவர் கதையும் வேண்டியிருந்தது. 1706-ல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார், தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து இங்கேயே அச்சடித்தவர். நடுவில் டேனிஷ் அதிகாரியோடு மோதி நாலு மாதம் சிறையில் இருந்தார். அச்சுக்குக் காகிதம் போதாமல் பொறையாறு பக்கம் ஒரு காகிதப் பட்டறை வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர். கதை கேட்டபடியே தெருவைக் கடந்துவிட்டாள், கால் வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கோட்டைக்கு வடக்கே கடலை ஒட்டி மாசிலாமணி நாதர் கோயில். பதினாலாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழும்பியது. முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது, மிச்சத்தைக் காப்பாற்ற எதிரே பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அந்தப் பாறைகளில் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். பாசி வழுக்கும். என் மகன் நான் திரும்புவதற்குள் ஏறி, சறுக்கி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். உப்புத்தண்ணீர் பட்டதும் போட்ட கூச்சல் கோட்டை வரை கேட்டிருக்கும். குளிக்கிற விஷயத்திலும் கவனம் வேண்டும். கரை சட்டென்று ஆழமாகிறது, அலை காலை உள்ளே இழுக்கிறது. கணுக்கால் அளவுக்கு மேல் நாங்கள் யாரையும் விடவில்லை. நீச்சலடித்துக் குளிக்கத்தான் போகிறீர்கள் என்றால் இந்த ஊர் வேண்டாம்.

இன்னொன்று. இங்கே ஓசோன் நிறைந்த காற்று வீசுகிறது, அதைச் சுவாசித்தால் ஆயுள் கூடும் என்று ஆட்டோக்காரர் உட்படப் பலர் சொல்வார்கள். நாம் மூச்சு விடுகிற மட்டத்தில் ஓசோன் அதிகம் இருந்தால் நுரையீரலுக்குக் கெடுதல்தான். கடல்காற்று சுகமாக இருக்கிறது, அதற்குமேல் காரணம் எதற்கு?

என் வீட்டுக்காரர் மட்டும் இடையிடையே போனைப் பார்த்து, “காரைக்கால் பக்கம்தான், திருநள்ளாறு போயிடலாம், அப்படியே நாகூர், வேளாங்கண்ணி...” என்று ஆரம்பித்தார். மாமியாரே, “நீ வேணா போயிட்டு வாப்பா, நாங்க இங்க இருக்கோம்” என்று சொல்லிவிட்டார். அவர் கேட்டது ஒரே ஒரு இடம்தான், திருக்கடையூர் அபிராமி. ஆட்டோவில் கொஞ்ச தூரம். சனிக்கிழமை சாயங்காலம் போனதால் நிம்மதியாகப் பார்த்தோம். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று காலையில் அங்கே மாலையும் கழுத்துமாக ஜோடிகள் நிரம்பியிருப்பார்கள், முகூர்த்த நாள் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஞாயிறு காலை மறுபடியும் அதே கரை, அதே அக்கா. இந்தத் தடவை அவரே “ஆச்சி, உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன்” என்றார். ரயிலில் நாறும் என்று நாங்கள் வாங்கவில்லை. மாமியாருக்கு அதில் வருத்தம்தான்.

எடுத்துப்போக வேண்டியவை: பெரியவர்களுக்கு மடக்கு நாற்காலி, மாத்திரைகள், தொப்பி. பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி நாளைக்கு மூன்று செட். நான் இரண்டுதான் எடுத்துப்போனேன். சின்னவன் ஈர டிராயரோடுதான் ரயில் ஏறினான். திருச்சி வரை சீட்டில் மணல் உதிர்ந்துகொண்டே வந்தது.